லில்லிபாய்க்குத் தேனீக்கள் ஊட்டிய நாட்கள்

மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, பனிச்சவிளை ரப்பர் தோட்டத்தில் பதினான்காம் நம்பர் தேனீப் பெட்டியின் மூடியைத் திறந்த லில்லிபாயின் கீழுதட்டில் ஏழு தேனீக்கள் வந்து உட்கார்ந்து, வெள்ளையாக ஒரு சொட்டை வைத்துவிட்டு, வந்த வழியே பெட்டிக்குள் திரும்பிப் போயின.

லில்லிபாய் உதட்டை நக்கிப் பார்த்தாள். புளித்தது. மோரின் புளிப்பும் இல்லை, மாங்காயின் புளிப்பும் இல்லை. நாக்கின் ஓரத்தைச் சுருக்கென்று பிடித்து, தொண்டையில் லேசாக எரிந்து இறங்கி, வயிற்றுக்குப் போனதும் சூடாக உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு நாற்பத்திநாலு வயது; இருபத்திரண்டு வருஷமாகத் தேன் சங்கத்தின் பெட்டிகளைப் பார்த்துவருகிறவள்; தேனீ கொட்டாத இடமென்று அவள் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் தேனீ ஊட்டிவிட்டது இதுதான் முதல் தடவை. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக்காலின் அடியில் வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள். அங்கேயும் ஏழு தேனீ, ஒரு சொட்டு. பதினாறிலும் அப்படித்தான், பதினேழிலும் அப்படித்தான், இலை உதிர்ந்த ரப்பர் மரங்களெல்லாம் செம்பு நிறத்தில் தளிர்த்து, பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பின் நுனியிலிருந்தே தேன் கசிகிற அந்தப் பருவத்தில், எண்பத்திநாலாம் பெட்டியை அவள் மூடும்போது வயிறு நிறைந்துவிட்டிருந்தது. கொண்டுபோன கஞ்சித் தூக்கைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"கஞ்சி குடிக்கல்லியா?" என்று கேட்டான் அவள் புருஷன் தாசையன். ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை முடிந்து வந்து மரச்சீனிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான்.

"தேனீ எனக்கு ஊட்டி விட்டுதுல்லா."

"தேனா?"

"தேன் இல்ல. வெள்ளையா, பால் கணக்கா. புளிக்கும்."

தாசையன் கிழங்கை மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தான். "வெயில்ல இருந்து புளிச்சுப்போயிருக்கும்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாளும் ஊட்டின. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, லில்லிபாய் ஒரு சொட்டைக்கூட விழுங்காமல் ஒரு மருந்துக்குப்பியில் சேர்த்து, சங்கத்துக் கட்டடத்தின் பின்னறைக்குக் கொண்டுபோனாள். தேனில் சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிற வேலைக்காக அங்கே இருந்தாள் பிரிஸ்கில்லா. எம்.எஸ்.சி. படித்த பெண், வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, சங்கத்தில் அவளிடம் பாட்டில்களைக் கொடுப்பார்களே தவிர, ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே அவள் முகம் சிவந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை மறந்து, காய்ச்சி, வடிகட்டி, சுழலவிட்டு, நாலு மணிக்குக் காகிதத்தோடு வெளியே ஓடிவந்தாள்.

"லில்லியக்கா, இது ராயல் ஜெல்லியாக்கும்! மூணுல ரெண்டு பங்கு தண்ணி. மிச்சத்துல கூடுதலா புரதம், அப்புறம் சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் வைட்டமின். கொழுப்புக்குள்ள ஓர் அமிலம் இருக்கு, வேற எந்தச் சாப்பாட்டுலயும் கிடைக்காதது. புளிப்பும் எரிச்சலும் அதுலயிருந்து வாறதுதான்."

"தேனீ இத எங்கயிருந்து எடுக்குது?"

"எங்கயிருந்தும் எடுக்கல. தலையில ஊறுது. பிறந்து ஒரு வாரம் ஆன தேனீ இருக்குல்லா, குஞ்சு பாக்குற பருவத்துல, அதுக்க தலைக்குள்ள ரெண்டு சுரப்பி பழுத்து நிக்கும். பூவ எட்டிப் பாக்கக்கூட போவாது அப்ப. குஞ்சுக்கு ஊட்டுறதுதான் வேலை."

சங்கத்தில் பாட்டில் கழுவுகிற ஓமனா ஈரக்கையோடு வந்து கதவருகில் நின்றாள். சத்தம் கேட்டு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். எட்டு மாதமாக வாயைத் திறக்காதிருந்த பிரிஸ்கில்லா அன்று நிறுத்தவேயில்லை. எல்லாக் குஞ்சுக்கும் முதல் மூன்று நாள் இந்தப் பால்தான் கிடைக்கும் என்றாள். நாலாம் நாளிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் பூந்தூளும் தேனும் கலந்த உருண்டை, தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு மட்டும் கடைசிவரை இந்தப் பால். முட்டை ஒன்றுதான், தாய் ஒன்றுதான், உருண்டை தின்றது வேலைக்காரியாகி ஆறேழு வாரத்தில் சிறகு கிழிந்து சாகும், பால் குடித்தது பதினாறாம் நாள் ராணியாக வெளியே வந்து மூன்று வருஷமோ நாலு வருஷமோ வாழும் என்றாள்.

"அப்ப ராணியாவது பிறப்பில இல்லையா?" என்றாள் ஓமனா.

"இல்ல. தீனியில."

"இந்தக் குப்பிக்குள்ள ராணி எங்க பிள்ளே இருக்கா?" என்று கேட்டாள் லில்லிபாய்.

பிரிஸ்கில்லா காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள். "அதத்தான் நானும் தேடுதேன் அக்கா. பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா ஒவ்வொண்ணும் சாதாரணச் சாமானாத்தான் இருக்கு."

பிறகு யாரோ விரலை மடக்கி எண்ணினார்கள். செவ்வாய், புதன், வியாழன். நாளைக்கு நாலாம் நாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே தோட்டத்தில் நிற்க இடமில்லை. தேனீக்கள் லில்லிபாயை விட்டுவிடுமா, வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் பல் தேய்த்து, கீழுதட்டைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு பெட்டிகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தையல்காரர் நின்றார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் மீசையை ஒதுக்கிவிட்டு நின்றார், சங்கத் தலைவர் மாசிலாமணி தற்செயலாக வந்தவர்போல் ஒன்றாம் நம்பர் பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பதேகாலுக்கு எண்பத்திநாலு பெட்டிகளிலிருந்தும் ஒரே மூச்சாகத் தேனீக்கள் எழும்பின. தையல்காரரைத் தாண்டின, ஹெட்மாஸ்டரைத் தாண்டின, தலைவரின் வாயைச் சுற்றி ஒரு வட்டமடித்து அதையும் தாண்டின, வரிசையின் கடைசியில் சிரட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லில்லிபாயின் உதட்டில் போய் இறங்கின. வெள்ளையாக, கெட்டியாக, பயற்றளவு ஒரு சொட்டு.

ஊரே கத்திய கத்தலில் ரப்பர் மரங்களிலிருந்து காக்கைகள் பறந்தன. யாரோ வெடி போட்டார்கள். ஓமனா லில்லிபாயைத் தூக்கிச் சுற்றினாள்.

அன்றிலிருந்து லில்லிபாய் வளர்ந்தாள். ஒரு வாரத்தில் மூன்று விரற்கடை, அடுத்த வாரத்தில் ஒரு சாண். தையல்காரர் இரண்டு நாளைக்கு ஒருமுறை ரவிக்கைத் தையலைப் பிரித்துத் துணி கொடுத்துத் தைத்தார். கொத்தனார் வந்து வீட்டு வாசல்நிலையை உயர்த்திவைத்தார். தாசையன் அவளிடம் பேசும்போது அண்ணாந்து பார்க்கப் பழகிக்கொண்டு, "கழுத்துக்கு நல்லதுதான்" என்றான். இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்து குனிந்து வந்த இடுப்புவலி போன இடம் தெரியவில்லை. அவள் ஓடினாள், மேட்டில் ஏறினாள், சும்மாவே சிரித்தாள்; உடம்புக்குள் யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதுபோல் இருந்தது அவளுக்கு.

அவளிடமிருந்து ஒரு வாசனை வந்தது. அது என்ன வாசனை என்று சொல்ல ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் அது காற்றில் வந்ததும் ரேஷன் கடை வரிசையில் சண்டை நின்றது, சொத்துப் பங்குக்காகப் பதினோரு வருஷம் பேசாதிருந்த அண்ணன் தம்பி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவள் நடந்தால் அவளைச் சுற்றி வட்டமாக ஆட்கள் சேர்ந்து, முகத்தை அவள் பக்கம் வைத்தபடி பின்னோக்கி நடந்தார்கள். மார்த்தாண்டம் பஸ்சில் அவள் ஏறினால் பயணிகள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்துவிடுவதால், டிரைவர் திரும்பாமலிருக்கக் கண்டக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். சர்ச்சில் முன்வரிசையில் உயரமான பெஞ்ச் ஒன்று போட்டார்கள். அம்மன் கோவில் கமிட்டியும் அதே தச்சனிடம் அதே அளவில் ஒன்று சொல்லி, செவ்வாய்க்கிழமைகளுக்கென்று போட்டுவைத்தது. கோழிகள் இரட்டைக்கரு முட்டையிட்டன. பெட்டிகளில் தேன் வழிந்து தரையில் சொட்டியது. சங்கத்தில் பாட்டில் தீர்ந்து, மக்கள் குடத்திலும் குக்கரிலும் பிடித்துவைத்தார்கள்.

பதினாறாம் நாள் மாசிலாமணி கூட்டம் கூட்டினார். கெட்ட மனுஷன் இல்லை. ஊருக்கு வந்த நல்லது ஊரைவிட்டுப் போய்விடக்கூடாதே என்று தூக்கமில்லாமல் கிடந்தவர்.

"ராணி வெயில்ல அலையலாமா? மழையில நனையலாமா? நம்ம லில்லி கால்ல ஒரு முள்ளு குத்திட்டுன்னா ஊருக்க கதி என்ன?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. சங்கத்துக் கட்டடத்தின் நடுவில் பலகையால் ஓர் அறை கட்டினார்கள். ஜன்னல் வேண்டாம், காற்றுக்கு மேலே ஓர் இடுக்கு போதும். தேன்மெழுகு பூசிய சுவர். உள்ளே எந்நேரமும் இதமான சூடு. தேனீக்கள் அந்த இடுக்கு வழியாகவே வந்து ஊட்டிவிட்டுப் போயின. எட்டெட்டுப் பெண்களாக முறைவைத்து அவளுக்குத் தலைசீவி, கால்பிடித்து, தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். பொழுதெல்லாம் பிறத்தியாருக்குப் பரிமாறியே பழகியவளுக்கு முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி பிள்ளே" என்பாள், சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரிப்பாள், பெண்களும் சிரிப்பார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் காலை, "பத்தாம் நம்பர்ல எறும்பு ஏறியிருக்கும். நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்" என்று எழுந்தாள்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில். வட்டம் நெருங்கியது. ஒருத்தியும் அவளைத் தள்ளவில்லை, பிடிக்கவில்லை. வாஞ்சையோடு நெருங்கி நின்றார்கள், அவ்வளவுதான். லில்லிபாய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று டம்ளரைத் தானே எடுக்கப் பார்த்தாள். விரல் துவண்டது, டம்ளர் நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. உயரத்தில் ஊரில் அவளுக்கு நிகர் இல்லை, ஒரு டம்ளர் தண்ணீரை அவளால் தூக்க முடியவில்லை. பிரிஸ்கில்லாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"பிள்ளே, உள்ளதச் சொல்லு. ராணி என்ன வேலை செய்யும்?"

"முட்டையிடும். ஒரு நாளைக்கு ஆயிரம், ரெண்டாயிரம்."

"அது எனக்கு வேண்டாம். வேற?"

"வேற ஒண்ணும் செய்யாது அக்கா. பூந்தூள் சுமக்க அதுக்க கால்ல கூடை கிடையாது. மெழுகு வராது. தானா தின்னவும் தெரியாது, ஊட்டினாத்தான் உண்டு. பூவுல போய் ஒரு நாளும் உக்காராது."

"வெளிய போவவே போவாதா?"

"கூடு நெருங்கிப்போனா போவும். வீட்டையும் தேனையும் புது ராணிக்கு விட்டுக்கொடுத்துட்டு, பாதிக் கூட்டத்தோட பழைய ராணி கிளம்பிரும். அதுக்கு முன்னால ராணிக்குத் தீனிய குறைப்பாங்க. மெலிஞ்சாத்தானே பறக்க முடியும்?"

லில்லிபாய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "போவணும்னு முடிவு எடுக்கது யாரு? ராணியா?"

"ராணி ஒண்ணும் சொல்லாது அக்கா. வேலைக்காரிகதான் முடிவு எடுப்பாளுக."

அறையில் ஓமனா தலைசீவிக்கொண்டிருந்தாள். சீப்பு அந்தரத்தில் நின்றது.

லில்லிபாய் திரும்பினாள். முப்பது நாளில் முதல் தடவையாக அவள் குரல் கெஞ்சலாக வந்தது. "ஓமனா, எனக்கு இங்க இருக்க முடியல்ல. நான் கேக்கப்பிடாது போலிருக்கு, ஆனாலும் கேக்குதேன். நீங்க என்ன நெனைக்கிய?"

ஓமனாவின் புருஷன் செத்து ஒன்பது வருஷம், அந்தக் கட்டடத்தில் பாட்டில் கழுவியே கை வெளுத்துப்போனவள். இந்த ஒரு மாதத்தில்தான் ஊரில் நாலு பேர் அவளை 'ராணியோட ஆளு' என்று நின்று விசாரித்தார்கள். லில்லிபாய் போனால் அதுவும் போகும். அது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு சீப்பைக் கீழே வைத்தாள்.

"நீ கேட்டதுக்காவ இல்ல" என்றாள். "எனக்கே இந்த அறையில மூச்சு முட்டுது. நானும் ரெண்டு வாரமா பூவப் பாக்கல்ல."

மெலிந்தால்தானே போக முடியும் என்று, மறுநாளிலிருந்து டம்ளர் பாதியாகத்தான் வந்தது. அதைவிட ஆச்சரியமாக ஊருக்குத் தோன்றியிருக்க வேண்டியது இது, தோன்றவில்லை: தேனீக்களும் சொட்டைக் குறைத்தன. பயற்றளவு இருந்தது கடுகளவு ஆனது, கடுகளவு இருந்தது ஈரமாக மட்டும் ஆனது. லில்லிபாய் மெலிந்தாள். மாசிலாமணி பதறிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார், ஹார்லிக்ஸ் வாங்கிவந்தார், ஆட்டுக்கால் சூப் வைக்கச் சொன்னார். "வயித்துக்கு ஆவாது தலைவரே" என்று சொல்லி, சூப்பைப் பெண்களே குடித்தார்கள்.

இதற்கிடையில் பெண்கள் தங்களில் இரண்டு பேரை இடம் பார்க்க அனுப்பியிருந்தார்கள். பேச்சிப்பாறைப் பக்கம் போன சரசம்மாள் மூன்றாம் நாள் திரும்பிவந்தாள். அறையில் தலைவருடைய ஆள் ஒருவர் காவலுக்கு நின்றதால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. அவள் சேலையைச் சொருகிக்கொண்டு, இடம் கண்டுவந்த தேனீ கூட்டுக்குள் ஆடிக்காட்டுவதுபோல், இடுப்பை வெட்டி வெட்டி, சுவரோரமாக நேரே நடந்தாள், வளைந்து திரும்பிவந்தாள், மறுபடி இடுப்பை வெட்டி நேரே நடந்தாள். வடகிழக்கு, ஏற்றம், நடந்தால் ஐந்து மணிநேரம், கிணறு உண்டு, கூரை கொஞ்சம் போயிருக்கிறது, சுற்றிலும் காட்டுப் பூ. பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு எல்லாம் விளங்கியது. இன்னொருத்தியும் அவள் பின்னால் ஆடினாள், பிறகு இன்னொருத்தி, பிறகு அறை முழுவதும் ஆடியது. காவல்காரர், "கும்மியா?" என்று கேட்டுவிட்டுத் தாளம் போட்டார்.

பங்குனி பிறந்து இருபத்திரண்டாம் நாள், மேகமில்லாத காலை, பத்து மணி. எண்பத்திநாலு பெட்டிகளில் சரிபாதியிலிருந்து தேனீக்கள் கறுப்புத் துணியை உதறியதுபோல் எழும்பிச் சங்கத்துக் கட்டடத்தின்மேல் சுழன்றன. முப்பத்தேழு பெண்கள் வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு கரண்டித் தேன் குடித்தார்கள். நடுவில் லில்லிபாய், கையைப் பிரிஸ்கில்லாவின் தோளில் ஊன்றிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

மாசிலாமணி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "லில்லி, உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்?"

"ஒரு குறையும் வைக்கல்ல அண்ணாச்சி."

"நீ போனா தேன் போவும்."

"பெட்டியில உள்ளது உங்களுக்கு இருக்கட்டும். நாங்க வயித்துல கொண்டு போறது போதும்."

"பெட்டிகள யாரு பாப்பா?"

முப்பத்தேழு பெண்களும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு எழுபது வயது. ஒன்றாம் நம்பர் பெட்டியைக்கூட அவர் கையால் திறந்தது கிடையாது. விரித்த கைகள் மெதுவாக இறங்கின. "கொட்டுமே" என்றார், சின்னக் குரலில்.

"முதல்ல கொட்டும்" என்றாள் லில்லிபாய். "புகைய மெல்லப் போடணும். சிரட்டையில வெள்ளம் வத்தாம பாக்கணும். அவ்வளவுதான்." அவர் விலகினார். விலகிய பிறகு அவள் குனிந்து அவர் தலையைத் தொட்டாள்.

தெருமுனையில் தாசையன் பால்வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகி, ஒரு பையோடு நின்றான். "அங்க ரப்பர் உண்டா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"செரி, போய்ப் பாத்தாத் தெரியும்" என்று கூட நடந்தான்.

அவர்கள் போனார்கள். முன்னால் தேனீக்கள், பின்னால் பெண்கள், ரப்பர் தோட்டம் தாண்டி, அன்னாசித் தோட்டம் தாண்டி, கால்வாய்க்கரையோடு, வெயிலோடு, ஒருத்தி முணுமுணுத்ததை இன்னொருத்தி எடுத்து, கடைசியில் எது தேனீயின் ரீங்காரம் எது பெண்களின் குரல் என்று பிரிக்க முடியாமல் போனது. வழியில் கல் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, பதில் வருவதற்குள் சுத்தியலை வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் பிரிஸ்கில்லா கீழே பார்த்தாள். லில்லிபாயின் பாதம் தரையில் படவில்லை. ஒரு சாண் மேலே, பிறகு ஒரு முழம் மேலே, சேலைக்கரை காற்றில் படபடக்க அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"செருப்பு விழுந்துட்டு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. தாசையன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஓமனா சேலைத்தலைப்பை எட்டிப் பிடித்துக்கொண்டாள், இழுக்க அல்ல, சும்மா, கூட வருகிறோம் என்று தெரியட்டுமென்று.

அந்திக்கு முன்னால் இடம் வந்துவிட்டது. எப்போதோ மூடிப்போன எஸ்டேட்டின் சரக்குக் கிட்டங்கி. ஓடு பாதி போயிருந்தது. தேனீக்கள் உடைந்த ஜன்னலொன்றில் கொத்தாகத் தொங்கி, உள்ளே போவதா என்று பேசிக்கொண்டிருந்தன. லில்லிபாய் கிணற்றுக்குப் பக்கத்தில் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் தடுமாறி, முழங்கால் மண்ணில் பட்டு, எழுந்து நின்றாள். எழுந்தபோது அவள் பழைய உயரத்தைவிட ஒரு தலை மட்டுமே கூடுதலாக இருந்தாள்.

யாரோ வாளியைக் கிணற்றில் விட்டிருந்தார்கள். அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள். முப்பத்தொன்பது பெண்களும் உதவிக்கு ஓர் அடி முன்னால் வந்தார்கள். "நில்லுங்க" என்றாள். விரல் வழுக்கியது; கயிறு நழுவி வாளி தொப்பென்று விழுந்தது. மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. கப்பி கிரீச்சிட்டது. வாளி மேலே வந்தது, பாதிதான் இருந்தது, மிச்சம் வழியில் சிந்தியிருந்தது.

அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்து, தாடையிலும் கழுத்திலும் வழிய வழியக் குடித்தாள். புளிக்கவில்லை, இனிக்கவுமில்லை. வெறும் கிணற்றுத் தண்ணீர்.

"ஏட்டி, எங்களுக்கு?" என்றாள் ஓமனா.

லில்லிபாய் வாயைத் துடைத்துக்கொண்டு வாளியை நீட்டினாள். "உனக்கு வேணும்னா நீ கோரு" என்றாள். சொல்லிவிட்டு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது ஓமனாவுக்குத் தொற்றி, சரசம்மாளுக்குத் தொற்றி, கல் உடைக்கிற இரண்டு பெண்களுக்கும் தொற்றி, மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கொத்து அவிழ்ந்து, தேனீக்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போகத் தொடங்கின.